முதல் வரைவை முழுக்கக் கையால் எழுதுவது: தாளில் தொடங்கித் தட்டச்சு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டுரை, சிறுகதை, குடும்ப வரலாறு என்று நீளமாக எதையாவது எழுத நினைப்பவர்கள், முதல் வரைவைக் கையால் எழுதிவிட்டு அப்புறம் தட்டச்சு செய்வது எப்படி என்று அறியத்தான் இது. படிப்பை முடித்த பிறகு கையெழுத்துப் போடத் தவிரப் பேனாவைத் தொடாதவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர். அதனால் தொடங்கியதும் மூன்று தொல்லைகள் வரும். ஒரு பக்கத்துக்குள் விரல் வலிக்கும். எழுதியது நமக்கே புரியாது. "போனிலேயே அடித்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்குமே" என்று தோன்றும். முதல் இரண்டையும் சரிசெய்துவிடலாம். மூன்றாவது ஓரளவு உண்மைதான், ஆனால் நாம் இதைச் செய்வதே வேகத்துக்காக அல்ல.

எதைக் கையால் எழுதலாம், எதை வேண்டாம்

பிறர் பேசுவதைப் பிடிப்பது ஒரு வேலை, நம் யோசனையைத் திரட்டுவது வேறொரு வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "கையால் எழுதினால் ஈடு கொடுக்க முடியாது" என்ற பேச்சே வருகிறது.

ஒருவர் இயல்பாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லைத் தாண்டிவிடும். முழு எழுத்தாக எழுதும் கை அதன் பக்கத்தில்கூடப் போகாது. அதற்காகத்தான் சுருக்கெழுத்து பிறந்தது. ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட முறை உலகெங்கும் பரவியது, தமிழுக்கும் சுருக்கெழுத்து வந்தது. தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தமிழ், ஆங்கிலச் சுருக்கெழுத்துத் தேர்வுகளை நடத்துகிறது. சட்டமன்றப் பேச்சையும் நீதிமன்ற வாய்மொழியையும் பதிவு செய்ய அது வேண்டும். பேட்டி எடுக்கிறீர்களா? போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள், கையில் குறிப்புச் சொற்கள் மட்டும் போதும். அலுவலக மின்னஞ்சல், நாளைக்குள் போக வேண்டிய அறிக்கை, அட்டவணை நிறைந்த ஆவணம் எதையும் கையால் எழுதிப் பெருமைப்பட வேண்டியதில்லை.

கையெழுத்து உதவுவது எதைச் சொல்லப் போகிறோம் என்பது நமக்கே இன்னும் தெளிவாகாத இடத்தில். திரையில் வாக்கியத்தை எழுதியதுமே அழித்துத் திருத்தலாம். அதனால் முதல் பத்தியையே மணிக்கணக்காக மெருகேற்றிக்கொண்டு இருப்போம், இரண்டாம் பத்தி பிறக்காது. தாளில் திருத்துவது சிரமம், அதனால் முன்னே போய்த்தான் ஆக வேண்டும். தாளில் அறிவிப்பு ஒலியும் வராது.

கையால் எழுதினால் மூளை கூர்மையாகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 2014-இல் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் இருவரும் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் கேட்டதை அப்படியே அடித்தார்கள், கருத்து சார்ந்த கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது அது. பின்னர் வேறு குழுக்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது முடிவு அவ்வளவு திட்டவட்டமாக வரவில்லை. 2024-இல் நார்வேயின் திரான்ஹைம் நகரிலிருந்து வந்த ஆய்வில், 36 மாணவர்கள் கையால் எழுதும்போது மூளைப் பகுதிகளுக்கிடையே தொடர்பு அதிகமாக இருந்தது தெரிந்தது. ஆனால் அதில் தட்டச்சு செய்தபோது அவர்கள் ஒரே ஒரு விரலால்தான் அடித்தார்கள், பத்து விரலால் அடிப்பவரோடு ஒப்பிடவில்லை. ஆகவே அறிவியல் சொல்லிவிட்டது என்பதற்காக இதில் இறங்க வேண்டாம். ஒரு கட்டுரையை எழுதிப் பாருங்கள், உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது அதிலேயே தெரியும்.

1. தாளைத் தேர்ந்தெடுப்பது

அழகான தோல் அட்டை நோட்டு வேண்டாம். அது எழுதவே பயமுறுத்தும். கட்டப்பட்ட நோட்டைவிட உதிரித் தாள் நல்லது. நடுவில் ஒரு பக்கம் சேர்க்கலாம், எடுக்கலாம், வரிசை மாற்றலாம். கோடு போட்ட ஏ4 தாளோ பழைய ஃபுல்ஸ்கேப் அளவோ எதுவானாலும் சரி.

தமிழுக்குக் கொஞ்சம் அகலமான வரி இடைவெளி வேண்டும். மேலே புள்ளியும் இகர, ஈகாரச் சுழியும் ஏறும், கீழே உகர, ஊகார வளைவும் ழ, ற, ஞ போன்ற எழுத்துகளின் வாலும் இறங்கும். நெருக்கமான கோட்டில் மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். எனவே ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். விட்ட வரி திருத்தத்துக்கு இடம். இடப்பக்கம் கட்டைவிரல் நீளத்துக்குத் தாராளமாக ஓரம் விடுங்கள், பின்னால் சேர்க்கும் வரிகள் அங்கேதான் உட்காரும்.

தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். பத்திரிகைகள் படைப்பாளிகளுக்குச் சொல்லிவந்த பழைய விதி இது. அச்சுக்கோப்பவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கக் கூடாது என்பது அதன் முதல் காரணம். இன்று நமக்கு வேறு காரணம் உண்டு: ஒரு பக்கம் காலியாக இருந்தால்தான் தாளைக் கத்தரித்து ஒட்ட முடியும், படம் எடுத்தால் பின்பக்க மை முன்னே தெரியாது.

தாளின் கனம் 70 அல்லது 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற அளவு) இருந்தால் பந்துமுனைப் பேனாவுக்குப் போதும். மைப்பேனா என்றால் சாதாரண ஜெராக்ஸ் தாள் மையை உறிஞ்சி எழுத்தின் ஓரத்தைப் பிசிறாக்கும். கடையில் ஒரு தாள் வாங்கி எழுதிப் பார்த்துவிட்டுக் கட்டாக வாங்குங்கள்.

2. பேனா

பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய்த் தன்மை கொண்டது. அழுத்தினால்தான் பந்து உருண்டு மை இறங்கும். இரண்டு பக்கத்துக்குப் பிரச்சினை இல்லை, இருபது பக்கத்துக்கு விரல் தாங்காது. ஜெல் பேனா இலகுவாக ஓடும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஈரம் காயுமுன் கை பட்டால் இழுத்துக்கொள்ளும். மைப்பேனாவுக்கு அழுத்தமே தேவையில்லை, தாளில் சாய்த்து வைத்தாலே எழுதும். நீளமாக எழுதுகிறவர்களுக்கு அதுதான் சொகுசு. மை நிரப்புவது, கசிவது, கழுவுவது போன்ற சில்லறை வேலைகளைச் சகித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். திருவள்ளூரில் எபனைட் என்ற கெட்டியான ரப்பரைக் கடைந்து கையாலேயே மைப்பேனா செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் தொடங்குகிறவருக்கு அவ்வளவு செலவு தேவையில்லை, விலை குறைந்த மைப்பேனாவே போதும்.

முள் மெல்லியதாக இருக்கட்டும். தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். ண, ணி, ஞை, இ போன்றவற்றைப் பட்டை முள்ளால் சின்னதாக எழுதினால் சுழிக்குள் மை அடைத்துப் பொட்டாகிவிடும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நாம் இடமிருந்து வலமாக எழுதுவதால் உங்கள் கை எழுதியதன் மேலேயே நகரும். சீக்கிரம் காயும் மை, வலப்பக்கமாகச் சாய்த்துத் திருப்பி வைத்த தாள், வரிக்குக் கீழே தாழ்ந்த கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் தீற்றல் பெருமளவு குறையும்.

மை நிறம் உங்கள் விருப்பம். திருத்தத்துக்கு வேறு நிறம் வைத்துக்கொள்வது மட்டும் நல்லது. பென்சில் வேண்டாம். அழிக்க முடியும் என்பதே அதன் தொல்லை.

3. கையும் உட்காரும் விதமும்

வலி வருவதற்குப் பெரும்பாலும் அழுத்தமே காரணம். எழுதிய தாளைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். எழுத்துகள் புடைத்துக்கொண்டு தெரிந்தால் தேவைக்கு மேல் அழுத்துகிறீர்கள் என்று பொருள். ஒற்றைத் தாளைக் கடினமான மேசைமேல் வைத்து எழுதாமல், அடியில் நாலைந்து தாள் மெத்தையாக வைத்தாலே கொஞ்சம் மாறும்.

பேனாவைக் கட்டைவிரல், சுட்டுவிரல் நுனிகள் பிடிக்க, நடுவிரல் கீழிருந்து தாங்க வேண்டும். முனையிலிருந்து சற்று மேலே பிடியுங்கள். விரல் மூட்டு வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கினால் அரைப் பக்கத்தில் சோர்வு வரும். எழுத்தை விரல் வரையட்டும், வரியில் முன்னே நகர்வதை முன்கை செய்யட்டும். மணிக்கட்டை மேசையில் ஆணி அடித்ததுபோல் ஊன்றிக்கொண்டு விரலை மட்டும் நீட்டி நீட்டி எழுதுவதுதான் பலரிடம் இருக்கும் பழக்கம். அதை மாற்ற, வரியின் பாதியில் ஒருமுறை முழங்கையை லேசாக நகர்த்திக் கொடுத்துப் பழகுங்கள்.

மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். சாய்வாக எழுதினால் கழுத்து பிழைக்கும். கணக்குப்பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டுச் சாய்வு மேசையில் எழுதியது யோசித்துச் செய்ததுதான். வீட்டில் அது இல்லாவிட்டால் பரீட்சை அட்டையின் மேல்விளிம்புக்கு அடியில் இரண்டு தடித்த புத்தகத்தை முட்டுக்கொடுத்தால் அதே பலன்.

தொடக்கத்தில் ஒரே அமர்வில் அரை மணி நேரத்துக்கு மேல் எழுத வேண்டாம். இடையில் கையை உதறிவிட்டு எழுந்து நடங்கள். ஓய்வு கொடுத்தும் வலி போகாவிட்டால், அல்லது எழுதத் தொடங்கியதும் விரல் தானாக முறுக்கிக்கொண்டால் மருத்துவரைப் பாருங்கள். எழுதும்போது மட்டும் வரும் அப்படிப்பட்ட முறுக்கல் நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். மனவுறுதியால் தீரும் விஷயம் இல்லை அது.

4. சொற்களைக் குறுக்காமல் எழுதுவது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

வேகத்துக்காகச் சொல்லைப் பாதியில் வெட்டி ஒரு புள்ளி வைக்கும் பழக்கம் வகுப்புக் குறிப்புகளிலிருந்து நமக்கு வந்தது. ஆங்கிலத்தில் அது ஓரளவு செல்லும், சொல்லின் கடைசியை வெட்டினாலும் வாக்கிய வரிசை காப்பாற்றிவிடும். தமிழில் வேலையெல்லாம் சொல்லின் கடைசியில்தான் நடக்கிறது. "வந்." என்று எழுதி வைத்தால் வந்தானா, வந்தாளா, வந்தாரா, வந்ததா, வந்திருப்பானா, வந்தபோதா, வந்தாலா? யார், எத்தனை பேர், எப்போது, மரியாதையோடா இல்லையா என்ற அத்தனையும் வெட்டிய பகுதியில் போய்விட்டது. பெயர்ச்சொல்லும் அப்படித்தான். "அப்பா." என்றால் அப்பாவைத் திட்டினார்களா, அப்பா திட்டினாரா? எழுதிய அன்று தெரியும். இரண்டு வாரம் கழித்துத் தட்டச்சு செய்ய உட்காரும்போது ஊகம்தான்.

இன்னொன்று, வினைமுற்றை முழுதாக எழுதினால்தான் வாக்கியம் எங்கே போய் முடிகிறது என்று நமக்கே தெரியும். சிக்கலான வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு முற்றைக் குறுக்கிவிட்டால் எழுவாய்க்கும் முற்றுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று மனம் சோதிப்பதே இல்லை. முழுதாக எழுதும்போது கை "கிறார்கள்" என்று போகும், எழுவாய் ஒருமையில் இருப்பது அப்போது உறுத்தும். அங்கேயே திருத்திவிடலாம்.

குறுக்கமே கூடாதா என்றால், திரும்பத் திரும்ப வரும் நிலையான சொற்களுக்கு இருக்கலாம். பழைய தமிழ்க் கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும் அதற்கென்றே குறிகள் இருந்தன: நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. இவை இன்று கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீடான யூனிகோடிலும் உள்ளன. ஒரே சொல் ஒரே பொருளில் பக்கத்துக்குப் பத்து முறை வரும் கணக்கில் குறி பிழைக்கும். கதையிலோ கட்டுரையிலோ அப்படி வருவது பாத்திரப் பெயர், ஊர்ப் பெயர் போன்றவை மட்டும். மீனாட்சிசுந்தரம் என்பதை ஒவ்வொரு முறையும் எழுத அலுப்பாக இருந்தால் "மீ" என்று வட்டமிட்டு எழுதிக்கொள்ளுங்கள், முதல் பக்கத்தின் தலையில் அதன் விரிவைக் குறித்துவையுங்கள். வேற்றுமை உருபை மட்டும் ஒட்டாமல் விடாதீர்கள்: வட்டமிட்ட "மீ", அடுத்து "த்துக்கு".

5. எழுத்து வடிவங்கள்

அழகான கையெழுத்து தேவையில்லை. வேறொருவர் ஊகிக்காமல் படிக்க முடிந்தால் போதும். தமிழில் குழப்பம் வரும் இடங்கள் குறைவுதான், அவற்றை மட்டும் கவனித்தால் மீதி எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

முதல் குற்றவாளி புள்ளி. வேகத்தில் புள்ளியை விட்டுவிடுவோம், அல்லது சொல்லை முடித்துவிட்டு வந்து அடுத்த எழுத்தின் தலையில் வைப்போம். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளியே இருக்காது, அதைப் படித்துப் பதிப்பிப்பதில் உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். அவர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சில் கொண்டுவந்ததன் பின்னால் இப்படிப்பட்ட பல வருட வாசிப்பு இருக்கிறது. நம் கைப்பிரதிக்கு அந்தத் தேவை வர வேண்டாம். எழுத்தை முடித்த கையோடு புள்ளி வையுங்கள்.

அடுத்து ரகரமும் காலும். ர-வின் அடிக்கோட்டை விட்டுவிட்டால் அது கால்தான். ஏகார, ஓகாரம் இன்னொரு இடம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் தனி வடிவம் கொடுத்தவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் என்பார்கள். அந்த வேறுபாடு எழுத்தில் இருப்பது ஒரு சின்னக் கோட்டிலோ சுழியிலோதான், ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இருப்பது மேலே ஒரு சுழி. வேகத்தில் முதலில் காணாமல் போவது இவை. "கெட்டான்", "கேட்டான்" இரண்டும் ஒன்றாகிவிட்டால் கதையே மாறிவிடும். இவற்றோடு ழ-வும் மு-வும், வ-வும் ல-வும், த-வும் ந-வும் உங்கள் கையில் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். எண்களில் 1, 7. ஊர்ப் பெயர், ஆள் பெயர்களை மட்டும் நிறுத்தி நிதானமாக எழுதுங்கள், சூழலை வைத்து ஊகிக்க முடியாத சொற்கள் அவைதான்.

ஒரு சின்னச் சலுகை. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற சீர்திருத்தத்தில் ணா, றா, னா, லை, ளை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் படித்தவர்கள் பலர் இன்னும் லை, ளை, ணை, னை ஆகியவற்றைத் துதிக்கை வைத்த பழைய வடிவில்தான் எழுதுகிறார்கள். பேனாவைத் தூக்காமல் ஒரே ஓட்டத்தில் வருவதால் அது வேகமும் கூட. உங்கள் கை அப்படிப் பழகியிருந்தால் மாற்ற வேண்டாம். தட்டச்சு செய்பவர் இளைஞராக இருந்தால் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

கையால் எழுதும்போது கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்றும் உண்டு. விசைப்பலகையில் "கொ" வர முதலில் க, அப்புறம் ஒ. தாளில் கொம்பு முதலில் வருகிறது, பிறகு க, பிறகு கால். மெய்யை எழுதுவதற்கு முன்பே அதன் உயிர் என்ன என்று கை முடிவு செய்தாக வேண்டும். நாள்பட்டு எழுதாதவர்கள் "க" எழுதிவிட்டுக் கொம்புக்கு இடமில்லாமல் விழிப்பது இதனால்தான். சில நாளில் சரியாகிவிடும். வாயசைத்துச் சொல்லிக்கொண்டே எழுதினால் இன்னும் சீக்கிரம்.

6. எவ்வளவு வேகம், எவ்வளவு பக்கம்

பத்து நிமிடம் அலாரம் வைத்து, பார்த்து எழுதாமல் சொந்தமாக ஏதாவது எழுதி, சொற்களை எண்ணுங்கள். அதுதான் உங்கள் வேகம். யோசித்து எழுதும்போது மணிக்கு 300 முதல் 500 சொல் வந்தாலே எனக்குத் திருப்தி. தமிழ்ச் சொல் நீளம், ஆங்கிலக் கணக்கோடு ஒப்பிட்டுச் சோர்ந்துபோக வேண்டாம்.

இந்தியக் குடிமைப்பணி முதன்மைத் தேர்வு எழுதுகிறவர்களின் பயிற்சி முற்றிலும் வேறு. முதல் மூன்று பொது அறிவுத் தாள்கள் ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரத்தில் 20 கேள்விகள், பாதிக்கு 150 சொல், பாதிக்கு 250 சொல். மொத்தம் 4,000 சொல். தமிழில் எழுதுகிறவர்களும் இதே நேரத்தில்தான் முடிக்க வேண்டும். அவர்கள் கடிகாரத்தோடு போட்டி போட்டே ஆக வேண்டும், நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

பக்கக் கணக்கு பயன்படும். 8 மி.மீ. கோடு போட்ட ஏ4 தாளில் மேலும் கீழும் ஓரம் விட்டால் சுமார் 30 வரி. ஒன்று விட்டு ஒன்று என்றால் 15. வரிக்கு ஆறேழு சொல். ஆக, பக்கத்துக்கு ஏறக்குறைய 100 சொல். 2,500 சொல் கட்டுரைக்கு 25 தாள். இது தெரிந்தால் எங்கே இருக்கிறோம் என்று தாளை எண்ணியே சொல்லிவிடலாம்.

7. அடித்தல், திருத்தல், செருகல்

தவறான சொல்லை ஒரே கோட்டால் அடியுங்கள். கிறுக்கி மறைக்காதீர்கள். அடித்த சொல்லே சரி என்று பிறகு தெரியவரும். வெள்ளைத் திரவம் தடவிக் காத்திருப்பது நேரத்துக்குக் கேடு. பள்ளி ஆசிரியர் இப்போது பார்க்கப் போவதில்லை.

விட்டுப்போன சொல்லைச் செருக, வரிக்குக் கீழே ஒரு சின்னக் கூரைக்குறி போட்டு மேலே காலியாக விட்ட வரியில் எழுதுங்கள். பழைய ஆட்கள் அதை அம்சபாதம் என்பார்கள், அன்னத்தின் காலடி மாதிரி இருக்கும். ஒரு பத்தியே செருக வேண்டும் என்றால் தனித் தாளில் எழுதி, 4-ஆம் பக்கத்துக்கு அடுத்தது என்றால் 4அ என்று எண்ணிடுங்கள், 4-ஆம் பக்கத்தின் ஓரத்தில் "4அ பார்க்க" என்று எழுதுங்கள். பத்திகளை இடம் மாற்ற அம்புக்குறி போட்டால் மூன்றாவது அம்புக்கே குழப்பம் வந்துவிடும். ஓரத்தில் 1, 2, 3 என்று புது வரிசை எண் போடுவது மேல். அதுவும் போதாவிட்டால் கத்தரிக்கோலும் பசையும்தான்.

ஒவ்வொரு தாளின் வலது மேல்மூலையில் பக்க எண், தலைப்பின் முதல் சொல், தேதி மூன்றையும் எழுதத் தொடங்கும் முன்பே போடுங்கள். மின்விசிறிக் காற்றில் எண் போடாத பதினைந்து தாள் பறந்தால் என்ன நடக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

ஒற்று மிகுமா, றகரமா ரகரமா, இந்த ஆண்டு சரியா என்ற சந்தேகம் வந்தால் நிற்காதீர்கள். சொல்லை வட்டமிட்டு மேலே போங்கள். போனில் ஒரு சொல்லைத் தேடப் போனவர் அரை மணி நேரம் கழித்துத்தான் திரும்பி வருவார். வட்டங்களை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் அகராதியில் பாருங்கள். ஆரம்பத்தில் வட்டம் நிறைய வரும். பல வருடமாகப் போன் நீட்டிய சொல்லைத் தொட்டுத் தொட்டு எழுதியதன் விளைவு அது. முதல் இரண்டு எழுத்தை அடித்ததும் மீதியை அது போட்டுவிடும், ளகரமா ழகரமா என்று நாம் தீர்மானிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வட்டத்தில் விழுந்தால் கடைசிப் பக்கத்தில் பட்டியலாக எழுதி வையுங்கள்.

8. கைப்பிரதியிலிருந்து திரைக்கு

ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் அன்றைய பக்கங்களைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். கைப்பிரதிக்கு இருக்கும் ஒரே பெரிய குறை, அது ஒரே ஒரு பிரதி என்பதுதான்.

முழு வரைவும் முடிந்த பிறகு சில நாள் ஆறப்போட்டு, வேறு நிற மையோடு உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். தட்டச்சு அதற்குப் பிறகுதான். நான்கு வழிகள் இருக்கின்றன.

நீங்களே தட்டச்சு செய்வதுதான் சிறந்தது, ஏனென்றால் அது இரண்டாம் வரைவாகவே மாறிவிடும். அடிக்க அலுப்பாக இருக்கும் பத்தி வாசிக்கவும் அலுப்பாகத்தான் இருக்கும், அங்கேயே வெட்டிவிடலாம். அடிக்கடி செய்யப் போகிறீர்கள் என்றால் 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். உயிர் எழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால் கை மாறி மாறி ஓடும். ஆங்கில எழுத்தை மனதில் வைத்துத் தமிழ் அடிப்பதைவிட விசை அழுத்தல்களும் குறைவு.

இரண்டாவது வழி, குரல். போனின் குரல் உள்ளீட்டில் தமிழைத் தேர்ந்தெடுத்து, கைப்பிரதியைப் பார்த்து நிதானமாக வாசியுங்கள். வேகமான வழி இதுதான். நிறுத்தற்குறிகளையும் ஒற்றுகளையும் கையால் போட வேண்டியிருக்கும், வட்டார வழக்கில் உள்ள உரையாடல்களை அது தாறுமாறாக்கும். ஆனால் உரக்க வாசிக்கும்போது நாக்கு தடுக்கும் வாக்கியங்கள் அகப்பட்டுவிடும், அந்த லாபத்துக்காகவே செய்யலாம்.

மூன்றாவது, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் செயலிகள். அச்சிட்ட தமிழை அவை நன்றாகவே படிக்கின்றன. கையெழுத்தில், அதுவும் அடித்தல் திருத்தல் உள்ள பக்கத்தில், பிழை திருத்தும் நேரத்தில் புதிதாகவே அடித்துவிடலாம்.

கடைசி வழி, டி.டி.பி. கடை. பக்கத்துக்கு எவ்வளவு என்று பேசும்போது, கையெழுத்துப் பக்கமா அச்சுப் பக்கமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். யூனிகோடில்தான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். பல கடைகளில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தக் கோப்பை மின்னஞ்சலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். மாற்றுச் செயலிகள் உண்டு என்றாலும் ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறிப் புதுப் பிழைகள் வரும். மூலத் தாள்களைக் கொடுக்காமல் ஜெராக்ஸ் கொடுங்கள். வட்டமிட்ட பெயர்ச் சுருக்கங்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுங்கள். அடித்து வந்ததை ஒருவர் கைப்பிரதியை உரக்க வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்த்தால் விட்டுப்போன வரிகள் கிடைத்துவிடும். "என்று" என்ற சொல்லில் முடியும் இரண்டு வரிகள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றைத் தாண்டிவிடுவது தட்டச்சர்களின் வழக்கமான பிழை.

9. தாள்களை வைத்திருப்பது

எல்லாக் கைப்பிரதியையும் காப்பாற்றி வைக்க வேண்டியதில்லை. தட்டச்சு செய்து சரிபார்த்த பிறகு சாதாரணக் கட்டுரை வரைவுகளை நான் கழித்துவிடுவேன், பின்பக்கம் காலியாக இருப்பதால் அடுத்த வரைவின் திட்டக் குறிப்புக்கு ஆகும். குடும்ப வரலாறு, பெரியவர்களின் நினைவுகள் போன்றவை வேறு கணக்கு. தட்டச்சுப் பிரதி இருந்தாலும் அந்தக் கையெழுத்தே பிறகு ஒருவருக்கு வேண்டியிருக்கும்.

அப்படி வைப்பவற்றுக்கு ரப்பர் பேண்டு போடாதீர்கள், நம் ஊர் வெயிலில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். குண்டூசியும் ஸ்டேப்ளர் கம்பியும் துருப்பிடித்துக் கறையாகும். பருத்தி நாடாவால் கட்டி அட்டைக் கோப்பில் வையுங்கள். நீரில் கரையும் மையால் எழுதியது என்றால் கூடுதல் கவனம் தேவை, ஒரு மழைக்காலச் சுவர்க்கசிவு போதும், பக்கம் வெளுத்துவிடும். பரணும் சுவரோர அலமாரியும் ராமபாணப் பூச்சிக்கும் கரையானுக்கும் பிடித்த இடங்கள். சுவரிலிருந்து தள்ளி நிற்கும் இரும்பு பீரோவின் நடுத்தட்டு பரவாயில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை எடுத்து நிழலில் காற்றாட வைத்துவிட்டுத் திரும்ப அடுக்குங்கள்.